சுண்டக்காயும் மிதந்த முட்டைகளும்

ஒரு சேவல் தன் ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தித் தரையில் உரசிக்கொண்டே கோழியைச் சுற்றி வரும்போது எழும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. சாதாரண மண் தரையில் அது அவ்வளவாகக் கேட்காது. உப்புப் பூத்துக் காய்ந்து மொறமொறவென்று கிடக்கும் தரையில் நன்றாகவே கேட்கும், சிமெண்டுத் தரையைப் புதுத் துடைப்பத்தால் பெருக்குவது போல 'சர்ர்ர்' என்று. மரக்காணம் உப்பளத்தில், எங்கள் கொட்டாய்க்குப் பின்னால், அந்தச் சத்தத்தை நான் நின்று கேட்ட நாளில் எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும். அன்று பார்த்ததும் மறக்கவில்லை, பார்த்ததைச் சொன்னதற்காக வாயில் வாங்கிய அடியும் மறக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்தார்கள். தை பிறந்து பாத்திகளைச் சேறு மிதித்துச் சரிசெய்யத் தொடங்கினால், மழை இறங்குகிற வரைக்கும் குடும்பமே உப்பளத்து ஓரத்தில் ஓலை வேய்ந்த கொட்டாயில்தான் கிடக்கும். பாயும் பாத்திரமும் போவது போலக் கோழிகளும் எங்களோடு வந்துவிடும். உப்பு வாருகிற மாதங்களில் சோற்றுக்குக் குறைவில்லை. ஐப்பசியில் வானம் கறுத்துப் பாத்திகள் முழுகிப்போனால் அதோடு வேலையும் முழுகிவிடும். மறுபடியும் தை வருகிற வரை வீட்டில் அடுப்பெரிந்ததென்றால் அது அம்மா வளர்த்த கோழிகளால்தான். ஆடி ஆவணியில் குஞ்சு இறங்கி, மழைக்காலத்தில் விற்கிற பதத்துக்குத் தேறிவிட்டால் அந்த வருஷம் தப்பித்தோம் என்று அர்த்தம். இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள்.

அந்த வருஷம் மாசியில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. காலையில் கோழி கவிழ்த்த பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் கழுத்தைத் திருகிக்கொண்டு ஒன்று கிடக்கும், மாலையில் இன்னொன்று கிடக்கும். எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சியது ஒரே ஒரு சிறுவிடைச் சேவல். சிறுவிடை என்பது நாட்டுக்கோழியில் குள்ளச் சாதி. கால் கட்டை, உடம்பு உருண்டை, இறகு செம்பழுப்பு, கொண்டை மட்டும் நல்ல சிவப்பு. அதன் கூவல்கூடத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது போலப் பாதியில் நின்றுவிடும். அக்கம்பக்கத்துக் கொட்டாய்க்காரர்கள் அதற்கு 'சுண்டக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாக் கோழியையும் கொண்டுபோன நோய் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்பது யாருக்கும் தெரியாது. கொண்டுபோவதற்கு ஏதாவது இருந்தால்தானே என்று அப்பா சொன்னார்.

விஷயம் கேள்விப்பட்டு அத்தை வந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மனசு நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. தம்பி பெண்டாட்டி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாளே என்று, தன் வீட்டில் வளர்த்த இரண்டு பெருவிடைக் கோழிகளைக் கட்டைப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பஸ் மாறி பஸ் ஏறிக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒன்று கருப்பு, அதைக் கருப்பி என்றே கூப்பிட்டோம். இன்னொன்று சாம்பல் நிறம். இரண்டும் நின்றால் என் முட்டிக்கு மேல் வரும். அவிழ்த்துவிட்டதும் அவை ஜம்மென்று நடந்துபோய்க் கொட்டாயைச் சுற்றிப் பார்த்தன. சுண்டக்கா ஓடிவந்து அவற்றின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தது. அந்தக் காட்சியைப் பார்த்து உப்பளமே சிரித்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"ஏணி ஒண்ணு செஞ்சி குடுங்கப்பா, பாவம்" என்றார் அப்பா.

சிரிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. சுண்டக்கா முயற்சியில் குறை வைக்கவில்லை. கருப்பியின் முதுகில் எப்படியோ தொற்றி ஏறிவிடும். ஏறிப் பிடரி இறகை அலகால் கவ்வினால் அதன் பின்பக்கம் நடுமுதுகோடு நின்றுவிடும். பின்பக்கத்தைச் சரியாகக் கொண்டுபோனால் அலகுக்குப் பிடிமானம் எதுவும் கிடைக்காது. கருப்பியோ முதுகில் ஒரு ஆள் இருப்பதையே கண்டுகொள்ளாமல் இரை பொறுக்கிக்கொண்டு நடக்கும். கொஞ்ச தூரம் சவாரி போய்விட்டுச் சுண்டக்கா பொத்தென்று விழும். விழுந்த கையோடு எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு அரைக் கூவல் கூவும். வேலை முடிந்து வருகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். பெரியவர்கள் என்னென்னவோ கேலி பேசினார்கள். எங்களைப் போன்ற சிறுவர்களும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை.

முதலில் சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்தது. அம்மா முட்டைகளை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நாள் கடந்தும் எந்த முட்டையும் பொரியவில்லை. எல்லாமே 'கூமுட்டை'. ஒன்றை உடைத்தபோது வந்த நாற்றத்தில் கொட்டாய்க்குள் இருக்க முடியவில்லை. அம்மா மூக்கைக்கூட மூடிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு சேவல் கேட்டுப் பார்த்தாள். பக்கத்தில் சண்டைச் சேவல் வைத்திருந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் தன் சேவலைப் பெட்டைக்கு விட்டால் வீரியம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

நான் முதலில் சொன்ன நாள் அதற்குப் பிறகுதான் வந்தது.

கொட்டாய்க்குப் பின்னால் கடல் தண்ணீர் வரும் வாய்க்காலை ஒட்டி ஓர் உயரமான வரப்பு உண்டு. அதன் அடியில் உதிரி மண் இருக்கும் இடத்தில் கோழிகள் பள்ளம் பறித்து மண்ணில் புரண்டு குளிக்கும். அன்று கருப்பி அந்தப் பள்ளத்தில் இருந்தது. சுண்டக்கா எங்கேயோ ஒரு பூச்சியைப் பிடித்துவந்து, தான் தின்னாமல், 'கொக் கொக் கொக்' என்று கூப்பிட்டு அதன் முன்னால் போட்டது. கருப்பி எடுத்துத் தின்றது. பிறகுதான் அந்த 'சர்ர்ர்'. இறக்கையை உப்புப் பூத்த தரையில் இழுத்தபடி சேவல் அரைவட்டம் சுற்றி, மெதுவாக வரப்பின் சரிவில் ஏறி மேட்டில் நின்றது. பள்ளத்திலிருந்த கருப்பி, யாரும் அழுத்தாமலே, தானாக உடம்பைத் தாழ்த்தி, இறக்கைகளை லேசாக அகட்டி, முதுகைப் பலகை மாதிரி ஆக்கிக்கொண்டது. சேவல் மேட்டிலிருந்து ஓர் எட்டு எடுத்துவைத்தது, அவ்வளவுதான். அலகு பிடரியில் பதிந்தது. கருப்பி வாலை ஒரு பக்கமாக ஒதுக்கியது.

கொல்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு மண்ணாங்கட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். அதை எறிவதற்குள் சேவல் இறங்கிவிட்டது. கருப்பி எழுந்து நின்று, அத்தனை இறகுகளையும் சிலிர்த்து ஒரு உதறு உதறியது. புழுதி பறந்தது. பிறகு மறுபடி பள்ளத்தில் படுத்து விட்ட இடத்திலிருந்து மண் குளியலைத் தொடர்ந்தது. நான் கட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன். கொல்லவில்லை என்பது புரிந்த பிறகுதான் அதிர்ச்சி அதிகமானது. ஒரு உதை விட்டால் அந்தச் சேவல் வாய்க்காலில் போய் விழும். அவ்வளவு பெரிய கோழி தானாகவே குனிந்து கொடுத்தது. ஊரே சேர்ந்து சிரித்த சேவலை அது வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாளும் அதே வரப்பில் பார்த்தேன். அதற்கடுத்தும் பார்த்தேன். சமதரையில் விழுந்து எழுந்து அவமானப்பட்ட சுண்டக்கா, மேடும் பள்ளமும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்துக்கொண்டது.

அந்த வாரம் அத்தை வந்திருந்தாள். முட்டையெல்லாம் வீணாய்ப்போன கதையை அம்மா சொல்ல, அத்தை சேவலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இத வெச்சிக்கினு எத்தினி தரம் அடை வெச்சாலும் கூமுட்டதான் செல்வி. அது ஒசரத்துக்கு இதால ஆவுமா? அறுத்துக் கொழம்பு வெச்சிட்டு வேற சேவலப் பாரு."

நான் வாயைத் திறந்தேன். "இல்லத்த, ஆவுது. கருப்பி பள்ளத்துல உக்காந்துக்குது, இது வரப்பு மேலேருந்து ஏறுது. நான் பாத்தேன்."

அத்தையின் புறங்கை என் வாயில் வந்து விழுந்தது. "இன்னாடி பேச்சு இது? பொட்டப் புள்ள பேசற பேச்சா? எத உத்துப் பாக்கறதுன்னு ஒரு வெவஸ்த வாணாம்?" என்றவள் அம்மாவிடம் திரும்பி, "புள்ளய வளத்து வெச்சிருக்கற லச்சணத்தப் பாரு" என்றாள்.

உதட்டில் உப்புக் கரித்தது. அப்பா ஏணி கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தாள். சிரிப்பதற்கு இருந்த அனுமதி பார்த்ததைச் சொல்வதற்கு இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது, அதுவும் அடிபட்டுத் தெரிந்தது. அம்மா குனிந்த தலை நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்கு அத்தையைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அத்தை ஊருக்குப் போன பிறகு, எனக்குத் தலை பின்னிவிடும்போது அம்மா கேட்டாள். "எந்த வரப்பாண்ட பாத்த?" சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை. ஆடி பிறந்து கருப்பி அடைக்குக் கொக்கரித்தபோது, அம்மா கருப்பியின் முட்டைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு வைத்தாள். அக்கம்பக்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பாதி அடை ஆகியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடி வந்தாள். கோயிலுக்குக் கூழ் ஊற்றுவதற்குக் கூப்பிட வந்தவள். அம்மாவும் அப்பாவும் உப்பு வார விடியற்காலையிலேயே இறங்கிவிட்டார்கள். நான் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டேன். வெயில் ஏறி மூவரும் திரும்பும்போதே தூரத்தில் இறகு பொசுங்கிய வாடையும் மசாலா வாசனையும் கலந்து வந்தன.

கொட்டாய் ஓரத்தில் செம்பழுப்பு இறகுகள் கிடந்தன. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவும் பார்த்தாள். அத்தை வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள்.

"இன்னா செல்வி, மறுபடியும் அடை வெச்சிருக்கற, சொல்லவே இல்ல? எங்க ஊருல பாதி அடையில முட்டையத் தண்ணில போட்டுப் பாப்போம். உசுரு கெட்டது மேல மெதக்கும், உசுரு இருக்கறது அடியில நிக்கும். போட்டுப் பாத்தேன். ஒண்ணுகூட முழுகல. அத்தினியும் மெதக்குது. ஓடைல வீசிட்டேன். அந்தச் சேவல இன்னும் எதுக்கு வெச்சிக்கினு தீனி போடறதுன்னு கொழம்பு வெச்சிட்டேன். உக்காருங்க, சோறு போடறேன்."

மூத்த நாத்தனார், கோழியைக் கொடுத்தவளே அவள்தான். அவளிடம் அம்மா என்ன சொல்ல முடியும்? தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அப்பா பசியில் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் தட்டைத் தொடவில்லை. கருப்பி காலியான கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தது.

உப்பளத்தில் நல்ல தண்ணீர் என்பது சும்மா கிடைக்கிற பொருள் அல்ல. மெயின் ரோட்டுக் குழாயிலிருந்து குடத்தில் சுமந்துவர வேண்டும். அம்மா முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டே, ஏதோ பேச வேண்டுமே என்பது போல அதைத்தான் கேட்டாள்.

"கொடத்துத் தண்ணிலயா அண்ணி போட்டுப் பாத்தீங்க? நாளைக்கு வரைக்கும் அதான் இருக்குது."

"எனக்கு அதுகூடத் தெரியாதா? கொடத்துல கையே வெக்கல" என்றாள் அத்தை. "தோ, அந்த நீல டப்புல இருந்துச்சே, அந்தத் தண்ணிதான்."

அப்பாவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

நீல டப்பில் இருந்தது, மீன் ஊறப்போட்டுக் கருவாடு காயவைக்க அம்மா பாத்தியிலிருந்து மொண்டுவந்து வைத்திருந்த தண்ணீர். உப்பு உறைகிற பக்குவத்துக்கு வெயிலில் சுண்டிய தண்ணீர். அதில் முட்டை முழுகவே முழுகாது. இது உப்பளத்தில் பிறந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும். முட்டையைப் போட்டு, மிதந்தால் தண்ணீர் பக்குவத்துக்கு வந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் நாங்கள். நெல் வயலில் வாழ்ந்த அத்தைக்கு அது எப்படித் தெரியும்? டப்பில் இருந்தது பார்ப்பதற்குத் தெளிந்த தண்ணீராகத்தான் இருந்தது.

அம்மா சோற்றுக் கையோடு எழுந்து ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். முட்டைகள் கொட்டாய்க்குப் பக்கத்து ஓடைச் சரிவில் கற்களின் மேல் விழுந்து கிடந்தன. முழுசாக ஒன்றும் இல்லை. ஓட்டுக்குள் நாற்றமில்லை, சீழில்லை. நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள், நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் உருவம், அதன் தலையில் பாதிக்கு மேல் கறுப்பாகக் கண். ஒன்றின் கால் மாதிரியான ஏதோ மடங்கி நீண்டது. வெயிலில், அந்தக் கல்லின் மேல், அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அத்தை மூச்சிரைக்க வந்து எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா அத்தையைத் திட்டவில்லை. அழவும் இல்லை. "எம்பொண்ணு அப்பவே சொன்னா அண்ணி. பாத்தேன்னு சொன்னா" என்றாள். உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே, "நீங்களும் அடிச்சீங்க, நானும் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு குழம்பை யாரும் தொடவில்லை. அப்பா அதைக் கொண்டுபோய் ஓடைக்கு அப்பால் ஊற்றிவிட்டு வந்தார். அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். அடுத்த வாரமே, குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழியைக் கூடையோடு சுமந்துவந்து, கொட்டாய் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அந்த மழைக்காலத்தை நாங்கள் அந்தக் குஞ்சுகளால்தான் கடந்தோம். எல்லாம் நெட்டைக் கால் குஞ்சுகள். கட்டைக்கால் ஒன்றுகூட இல்லை. கருப்பி பல நாள் அந்த வரப்பின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

இன்றைக்கு உப்பளம் இருக்கிறது, கொட்டாய்கள் இல்லை. வேலைக்கு வருகிறவர்கள் விடியலில் ஷேர் ஆட்டோவில் வந்து மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். கோழியோடு வந்து குடியிருப்பவர் யாருமில்லை. மினி லாரியில் மைக் கட்டி வந்து விற்கிற பண்ணைக் குஞ்சுகள்தான் எங்கும் மேய்கின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நடை. எங்கள் பக்கத்தில் சிறுவிடை வேண்டுமென்று நான் கேட்காத ஆளில்லை. அப்படி ஒன்று இருந்ததா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

போன பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. கோழி வளர்ப்பதை மட்டும் விடவில்லை. பண்ணையிலிருந்து வாங்கிய ஒரு பெரிய சேவலும் சில பெட்டைகளும் வைத்திருக்கிறாள். அடை வைப்பதற்காக மடியில் முட்டைகளை வைத்துக்கொண்டு, உறவுக்காரர்கள் சூழ உட்கார்ந்திருந்தாள். என் மகள் கொல்லையிலிருந்து ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால், "அந்த வெள்ளக் கோழி சேவல ஏறவே வுடல. அது கனமா இருக்குது. ஏற வந்தா இது ஓடிப்போய் வைக்கப்போர் அடியில பூந்துக்குது. நேத்துலேருந்து பாக்கறேன்" என்றாள். ஆண்கள் தொண்டையைச் செருமினார்கள். யாரோ ஒரு பெரியம்மா "ஏய், இன்னா பேசற நீ" என்று ஆரம்பித்தாள்.

அத்தை கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். "இரு. அவ பாத்தத அவ சொல்லட்டும்" என்றாள். பிறகு என் மகள் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, "வெள்ளக் கோழி முட்ட எதுடி? எனக்குக் கண்ணு தெரியல, நீயே பொறுக்கி எடுத்துத் தனியா வையி, அது அடைக்கு ஆவாது" என்றாள்.

என் மகள் அத்தையின் மடிக்கருகே குந்தி, ஒவ்வொரு முட்டையாகத் தூக்கி நிறம் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினாள். அத்தை அவள் கையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.